அக்கா ஆமை பார்க்கப் போன நாள்

அன்று வள்ளத்தில் இருந்தது ஆறு பேர். கனடாவிலிருந்து வந்திருந்த என் அக்கா, நான், எஞ்சின் பிடித்த ஓட்டி, ஆட்களைத் தண்ணீருக்குள் கூட்டிக்கொண்டு போய் ஆமை காட்டுகிற அவருடைய தங்கை, வவுனியாவிலிருந்து வந்த புதிதாகக் கலியாணம் முடித்த மாப்பிள்ளை, அவருடைய பெண்சாதி. வேறு ஒருவரும் இல்லை. மற்ற ஐந்து பேருக்கும் இது மறந்திருக்கும். எனக்கு மறக்காது. அன்று காலை முழுதும் நான் செய்த ஒரே வேலை ஆட்களை எண்ணுவதுதான்.

நாங்கள் ஐந்து பிள்ளைகள். இப்போது மிஞ்சியிருப்பது அக்காவும் நானும். பெரியண்ணை கனடாவில் கண்ணை மூடியபோது எனக்கு விசா கிடைக்கவில்லை. கடையில் இருந்தபடி கைத்தொலைபேசியில் செத்தவீடு பார்த்தேன். இடையில் ஒருவர் வந்து கால் கிலோ பருப்புக் கேட்டார். நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். அதற்குப் பிறகு கொஞ்சக் காலத்தில் அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. இரத்தக் குழாய்க்குள் சின்னதாக வலை மாதிரி ஒன்றை வைத்து அடைப்பை எடுத்திருக்கிறார்கள் என்றார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சந்தையில் தொங்குகிற, மீன் பிடிக்கிற நைலோன் நரம்பு வலையைத்தான் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். சிக்கினால் அவிழ்க்க முடியாத வலை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெற்கில் மாமா கடை வைத்திருந்தார்; தராசுக்குப் பின்னால் நின்றுதான் வளர்ந்தேன். இப்போது எங்கள் தீவில், கரம்பொனில், சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. ஒரு விஷயம் தெரியாவிட்டால் படித்தவர்கள் அதைத் தேடிப் பார்ப்பார்கள். நான் முதலில் பயந்துகொள்வேன். பிறகு யாராவது விளக்கம் சொன்னாலும் அந்தப் பயம் கொஞ்சம் மிஞ்சித்தான் இருக்கும்.

தீவான் என்றால் கடலை அறிந்தவன் என்று வெளியூர்க்காரர் நினைக்கிறார்கள். எங்கள் ஆட்கள் கடை வைத்த ஆட்கள். கடல், கடல் தொழில் செய்கிறவர்களுடையது. எங்களுக்கு அது பஸ் யன்னலால் பார்க்கிற ஒன்று. சின்ன வயதில் கால் நனைத்துவிட்டு வந்தாலே அப்பு பூவரசம் கம்பை முறிப்பார். எங்கள் வீட்டு ஆட்கள் கடலுக்குள் இறங்குவதென்றால் யாராவது செத்திருக்கவேண்டும். அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போய், சாம்பலைக் கரைத்து, மூன்று முழுக்குப் போட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேறி வருவோம். அப்பு, அம்மா, சின்னண்ணை, தங்கச்சி என்று நான் நாலு தரம் இறங்கியிருக்கிறேன். ஐந்தாவது தரம் என்ற நினைப்பு வந்தாலே தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கிவிடுவேன்.

அக்கா வந்து மூன்றாம் நாள், குசினிக்குள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, “எனக்கு ஆமை பாக்கவேணும்,” என்றார்.

“சாட்டிக்குப் போவம். கடற்கரையில இருந்து ஐஸ்கிறீமும் குடிக்கலாம்,” என்றேன்.

“கரையில இருந்தா ஆமை வந்து உனக்கு வணக்கம் சொல்லுமோ? தண்ணிக்க இறங்கிப் பாக்கிறதடா. நயினாதீவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகினமாம். நான் போனில எல்லாம் பாத்து வைச்சிருக்கிறன்.”

“உங்களுக்கு ஏலாதக்கா. நெஞ்சு.”

“நெஞ்சு எனக்கு, உனக்கில்லை. ஒப்பரேசன் முடிஞ்சாப்பிறகு டொக்டர்தான் நீந்தப் பழகச் சொன்னவர். கிழமைக்கு மூண்டு தரம் நீந்திறனான்.”

“அது தொட்டி.”

“தண்ணி தண்ணிதானே.”

“தொட்டிக்க உப்பில்லை.”

“உப்பு உனக்கு என்ன செய்தது?” என்று கேட்டுவிட்டு அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவி வைத்தார். கதை அதோடு முடிந்தது. அக்கா கோப்பை கழுவினால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

பின்னேரம் மருமகன், அக்காவின் மகன், கனடாவிலிருந்து தொலைபேசியில் எடுத்தான்.

“மாமா, அம்மா சொல்லுக் கேளா. நீங்கள் கூடப் போங்கோ. அவவைத் தனிய விடாதேங்கோ.”

“ஓம் தம்பி, நான் பாக்கிறன்,” என்றேன்.

சொல்லி வைத்த பிறகுதான் யோசித்தேன். பார்க்கிறது என்றால் என்ன செய்கிறது? எனக்கு நீந்தத் தெரியாது என்பதை அவனுக்குச் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

குறிகட்டுவானில் பஸ் எங்களை இறக்கிவிட்டபோது இறங்குதுறை நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகிற சனத்தால் நிறைந்திருந்தது. அருச்சனைத் தட்டோடு அந்த வரிசையில் நிற்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அக்கா வரிசையைத் தாண்டி ஓரத்தில் கட்டியிருந்த வெள்ளை வள்ளத்துக்கு நடந்தார். ஓட்டிக்கு நாற்பது வயதிருக்கும். முன்பு கடலட்டை எடுக்கக் கடலடிக்கு மூழ்கியவராம். இப்போது வருகிறவர்களுக்கு ஆமை காட்டுவது அதைவிட உடம்புக்கு நல்லது என்றார். தங்கை, கறுப்பு நீச்சல் உடுப்புக்கு மேலே கழுத்தில் சின்னச் சிலுவை தொங்க, எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி அளவு பார்த்துக்கொண்டிருந்தா. நான் ஏறியவுடனேயே ஒன்றைப் போட்டு, வார் எல்லாவற்றையும் இறுக்கிக்கொண்டேன்.

“பிள்ளை, உமக்கு எத்தினை வருசமா நீந்தத் தெரியும்?” என்று அவவைக் கேட்டேன்.

“நடக்க முதலே அண்ணை.”

“ஆமை கடிக்குமோ?”

“அது சாதாழைக் கடற்புல்லுத் தின்னிற சாதி. பச்சையா எதையும் கண்டாத்தான் வாயை வைக்கும்.”

“அண்ணை பச்சைச் சேட்டுத்தான் போட்டிருக்கிறார்,” என்றார் ஓட்டி, பின்னாலிருந்து.

நான் குனிந்து பார்த்தேன். பச்சைதான்.

“சுறா கிறா?”

“இஞ்சால வாறேல்லை. வந்தா நாங்கள் விடமாட்டம், கறிக்கு நல்லது.”

எஞ்சின் நடுவில் நின்றால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். ஓட்டி இரண்டாவது எஞ்சினைக் காட்டினார். அதுவும் நின்றால் என்று கேட்க வாயெடுத்தபோது அக்கா என் முழங்கையில் கிள்ளினார்.

வழியில் தங்கை எல்லோருக்கும் சொல்லித் தந்தா. கண்ணாடி மூக்கையும் மூடும்; வாயால் குழாயைக் கவ்வி, வாயாலேயே மூச்சு விடவேண்டும். ஆமையைத் தொடக்கூடாது, துரத்தக்கூடாது, அது மேலே மூச்செடுக்க வரும்போது வழியை மறிக்கக்கூடாது. அக்கா பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் நயினை அம்மன் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை. பயத்தில் என்ன வைக்கிறதென்று வரவில்லை.

கோபுரம் சின்னதாகிய பிறகு ஓர் இடத்தில் எஞ்சினை நிறுத்தி, ஓட்டி முன்னுக்கு வந்து நீளமான மரக்கோலால் வள்ளத்தை மெல்லத் தள்ளிக்கொண்டு போனார். தண்ணீர் சில இடத்தில் வெளிர் பச்சையாகவும் சில இடத்தில் கறுப்பாகவும் கிடந்தது. கறுப்பு எல்லாம் ஆழம் என்று நான் நினைத்துக்கொண்டேன். நங்கூரம் போட்டார்கள்.

வெற்றிலை துப்புகிறவர்களைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற என் அக்கா, தங்கை சொன்னபடி கண்ணாடிக்குள் துப்பி, விரலால் தேய்த்துக் கழுவி, மாட்டிக்கொண்டார். அப்படிச் செய்தால் கண்ணாடியில் ஆவி படிந்து புகார் பிடிக்காதாம். பிறகு ஏணியால் பின்பக்கமாக இறங்கினார்.

“பிள்ளை, நீர் அக்காவின்ர பக்கத்தை விட்டு அரக்கக்கூடாது,” என்றேன்.

“நான் எங்க போறது அண்ணை, கடலுக்கதான் நிக்கப்போறன்.”

தங்கை ஒரு செம்மஞ்சள் மிதப்பு வளையத்தை அக்காவின் கையில் கொடுத்தா. இரண்டு பேரும் அதைப் பிடித்தபடி குப்புறப் படுத்து மிதந்தார்கள். மாப்பிள்ளை தனியாகக் கொஞ்சம் தள்ளிப் போனார். தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நின்றது குழாய்கள் மட்டும்தான். அக்காவுடையது சிவப்பு, தங்கையுடையது மஞ்சள், மாப்பிள்ளையுடையது கறுப்பு. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். சிவப்பு, மஞ்சள், கறுப்பு. மூச்சு விடாமல் எண்ணினேன். சிவப்புக் குழாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பீச்சியது. அதை நல்லது என்று எடுப்பதா கெட்டது என்று எடுப்பதா தெரியவில்லை.

மணப்பெண் இறங்கவில்லை. அவளுக்கு வள்ளத்தின் ஆட்டம் ஒத்துவரவில்லை. கொடுத்த கண்ணாடியைக் காலடியில் வைத்துவிட்டுப் படுத்திருந்தாள். “ஐயா, நீங்கள் இருங்கோவன், நீங்கள் நடக்க நடக்க எனக்குத் தலை சுத்துது,” என்றாள். நான் நடந்துகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த நேரம் தங்கையின் கை மேலே வந்து எதையோ காட்டியது. ஆமை. நான் எட்டிப் பார்ப்பதற்குள் மணப்பெண் எழுந்து மற்றப் பக்கம் சாய்ந்து சத்தி எடுக்கத் தொடங்கினாள். விழுந்துவிடுவாளோ என்று அங்கியில் பிடித்துக்கொண்டேன். என் சேட்டுப் பொக்கற்றில் அக்காவுக்கென்று வைத்திருந்த தேசிக்காயை எடுத்து மணக்கக் கொடுத்தேன். அவ்வளவுதான் நேரம்.

திரும்பிப் பார்த்தபோது கறுப்புக் குழாய் தூரத்தில் தனியே போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் இல்லை. சிவப்பு இல்லை. செம்மஞ்சள் வளையம் மட்டும் வெறுமையாக, ஒருவரும் பிடிக்காமல், அலையில் ஆடி ஆடித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா என்று கூப்பிட்டேனா, நினைத்தேனா, சொல்லத் தெரியவில்லை. ஓட்டி பின்னுக்குக் குனிந்து எண்ணெய்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கால் எதையோ மிதித்தது, அடுத்தது நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

அங்கி தூக்கிக்கொண்டு வந்து காதுவரை ஏறியது. மூக்கு, வாய் எல்லாம் உப்பு. எனக்குத் தெரிந்த உப்பு அது. கீரிமலையில் நாலு தரம் விழுங்கிய அதே உப்பு. மல்லாந்து கிடந்து கையையும் காலையும் அடித்தேன். எந்தப் பக்கம் வள்ளம், எந்தப் பக்கம் வானம் என்று பிடிபடவில்லை. அக்காவைத் தேடவேண்டும் என்று மட்டும் தெரிந்தது. தேடுவதற்கு எப்படிக் கவிழ்வது என்று தெரியவில்லை.

மேலேயிருந்து ஓட்டியின் குரல் கேட்டது. “அண்ணை, காலைக் கீழ விடுங்கோ.”

“ஏலாது.”

“விட்டுப் பாருங்கோவன்.”

“தம்பி, அக்காவைப் பார்.”

“அக்கா இருக்கிறா. நீங்கள் முதல் காலைக் கீழ விடுங்கோ.”

விட்டேன். மணல். குதிக்கால் புதைந்தது, சாதாழை கணுக்காலில் உரசியது. எழுந்து நின்றேன். தண்ணீர் என் நெஞ்சுக்குத்தான் வந்தது.

வள்ளத்தின் முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு அக்கா வந்தார். நீந்தி அல்ல. நடந்து. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கழுத்தளவுத் தண்ணீரில், சந்தைக்குப் போய் வருகிறவர் மாதிரி நடந்து வந்தார். பின்னால் தங்கை.

“என்னடா செய்யிறாய்?” என்றார் அக்கா.

உடம்பு தானாக ஒரு வேலை செய்தது. கண்ணை மூடி, மூக்கைப் பிடித்து, தலையைத் தண்ணீருக்குள் அமுக்கி எடுத்தேன். பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. கடலுக்குள் நின்றால் செய்கிற வேலை என்று என் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

“டேய், ஆருக்கடா முழுகிறாய்? நான் இஞ்ச நிக்கிறன்,” என்று அக்கா சிரித்தார். தங்கையும் சிரித்தா. மேலே மணப்பெண்கூட, தேசிக்காயை மூக்கில் வைத்தபடி, சிரித்தாள்.

சிரிப்பு முடிய அக்கா கிட்ட வந்து என் மேற்கையைப் பிடித்தார். அப்பு, அம்மா செத்தபோது அவருக்குக் கனடாவில் தங்குவதற்கான பத்திரம் கிடைத்திருக்கவில்லை. பிறகு மற்ற இரண்டு பேருடைய காலத்தில் பிள்ளைகள், வேலை. ஒரு செத்தவீட்டுக்கும் வரமுடியவில்லை.

“சின்னண்ணைக்கும் தங்கச்சிக்கும் நீ தனியவோ முழுகினனி?”

“ஐயர் நிண்டவர்,” என்றேன்.

“ஐயர் முழுகினவரோ?”

“இல்லை.”

அக்கா என் கையை விடவில்லை. அவருடைய கை சூடாக இருந்தது. அந்தத் தண்ணீருக்குள்ளும் சூடாக இருந்தது. அதோடு என் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. உதட்டைப் பார்த்தேன், நீலம் இல்லை. “நெஞ்சு நோகுதோ?” என்று கேட்டேன். “உன்னைப் பாத்துச் சிரிச்சு வயிறுதான் நோகுது,” என்றார்.

தங்கை நடந்ததைச் சொன்னா. ஆமை வள்ளத்தின் முன்பக்கத்துக்குக் கீழால் நுழைந்து அப்பால் போயிருக்கிறது. அக்காவுக்குக் கால் நிலத்தில் முட்டியதால் வளையத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் போயிருக்கிறார். வள்ளத்தின் உயர்ந்த முனை அவர்களை மறைத்துவிட்டது. இவ்வளவுதான்.

“இவ்வளவு தண்ணிதான் எண்டு ஏன் தம்பி எனக்குச் சொல்லேல்லை?” என்று ஓட்டியைக் கேட்டேன்.

“நீங்கள் கேக்கேல்லையே அண்ணை. கடிக்குமோ எண்டு கேட்டனீங்கள். சுறா வருமோ எண்டு கேட்டனீங்கள். எஞ்சின் நிண்டா என்ன செய்வியள் எண்டு கேட்டனீங்கள். ஆழம் எவ்வளவெண்டு கேக்கேல்லை. தீவு ஆள்தானே, தெரியும் எண்டு நினைச்சன்.”

மரக்கோல் நிலத்தில் ஊன்றி ஊன்றித் தள்ளியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தேன்.

“வந்ததுக்கு இவனும் பாக்கட்டும்,” என்றார் அக்கா. மணப்பெண்ணின் கண்ணாடியைத் தரச்சொல்லித் தங்கை கையை நீட்டினா. ஓட்டி குனிந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியின் நடுவால் ஒரு வெடிப்பு.

“இது அண்ணையின்ர குதிக்கால்,” என்றார்.

அக்கா தன்னுடையதைக் கழற்றி, உள்ளே ஒரு துப்புத் துப்பி, கழுவி, என் முகத்தில் மாட்டிவிட்டார். “வேண்டாமக்கா” என்று சொல்ல வாயைத் திறந்தேன். குழாயை உள்ளே வைத்துவிட்டார். தங்கை ஒரு கையையும் அக்கா மற்றக் கையையும் பிடித்தார்கள். நின்றபடியே குனிந்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

கண்ணைத் திறக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் பார்த்தது என் சொந்தக் கால்கள், வெளிறிப்போய், பெருத்துப்போய். பிறகு கறுப்பு என்று நான் பயந்த இடம். அது ஆழம் இல்லை. சாதாழை. வயல் மாதிரி, ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் ஆமை. கடையில் நான் இருக்கிற கதிரையின் அகலம் இருக்கும். ஓட்டில் பாசி படிந்து, ஓர் ஓரத்தில் பழைய சிராய்ப்பு. எங்களைத் தெரியாத ஆள் மாதிரி, தலையைச் சரித்துச் சாதாழையைக் கடித்து இழுத்தது. இழுக்கும்போது மண் புகைந்தது. சின்ன மீன் இரண்டு அந்தப் புகைக்குள் ஓடி ஓடிப் பொறுக்கின.

அவசரம் என்பது அதனிடம் இல்லவே இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அது முன்னங்கால்கள் இரண்டையும் விரித்து, ஒரு தள்ளுத் தள்ளி, எங்களுக்கு முன்னால் மேலே ஏறியது. அது ஏறும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். தங்கை முதுகில் தட்டினா. “அண்ணை, நீங்கள் விடலாம், குழாய் இருக்கு.” விட்டேன். பக்கத்தில் ஆமை தலையை வெளியே நீட்டி, களைத்து வந்தவர் கதிரையில் இருக்கும்போது விடுகிற மாதிரி ஒரு மூச்சு விட்டது. அக்காவின் விரல்கள் என் கையை நெரித்தன. நானும் நெரித்தேன்.

திரும்பி வரும்போது அக்கா இருந்தபடியே நித்திரையாகிவிட்டார். நான் அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதை ஓரிரு தரம் பார்த்தேன். பிறகு பார்க்காமல் விட்டேன். கடற்காற்றில் சேட்டுக் காய்ந்து உப்புப் பூத்தது. எனக்கும் கண் சொருகியது. வள்ளத்தில் நான் கண்ணை மூடினேன் என்று சொன்னால் கரம்பொனில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

என் கைத்தொலைபேசி தண்ணீர் குடித்துச் செத்துவிட்டது. இறங்குதுறையில் அக்காவின் தொலைபேசிக்கு மருமகன் எடுத்தான். அக்கா என்னிடம் தந்தார்.

“மாமா, அம்மா இறங்கினவவோ?”

“ஓம். நானும் இறங்கினனான்.”

“மாமா, உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?”

“இல்லை.”

“அப்ப என்னெண்டு?”

“காலைக் கீழ விடவேணும்,” என்றேன். அக்கா தொலைபேசியைப் பறித்துக்கொண்டார்.

பயணக் காசை அக்கா முதலே கொடுத்திருந்தார். கண்ணாடிக்கு என்ன விலை என்று நான்தான் கேட்டேன். ஓட்டி தலையைச் சொறிந்துகொண்டு, வாங்கினபோது ஆறாயிரத்து ஐந்நூறு என்றார். அக்கா கைப்பையைத் திறந்தார்; நான் விடவில்லை, மிதித்தது என்னுடைய கால். பொக்கற்றில் நனைந்து ஒட்டிப்போயிருந்த தாள்களைப் பிரித்து இரண்டாயிரம் கொடுத்தேன். ஓட்டி அதை எஞ்சின் மூடியில் காயப் போட்டார்.

அக்கா கனடாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறார், தொட்டியில் நீந்திவிட்டு வந்ததாகச் சொல்கிறார், நான் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறேன். மிச்சக் காசை அனுப்ப நான் ஓட்டிக்கு இரண்டு தரம் எடுத்தேன். வங்கிக் கணக்கு இலக்கத்தைச் சொல்லும் என்றேன். சொல்கிறார் இல்லை.

“அக்கா வாற வருசமும் வாறன் எண்டு என்ர தங்கச்சிக்குச் சொன்னவ. அப்ப கையோட கொண்டுவாங்கோ அண்ணை. இப்ப வாங்கினா நீங்கள் இந்தப் பக்கம் தலைவைக்க மாட்டியள்.”

ஆகவே அது அப்படியே நிற்கிறது. நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.